வீட்டுக்குள் ஒரு கடல்! கண்ணாடித் தொட்டி அமைப்போர் கவனத்துக்கு

கள்ளிக்காடு:

நெய்யாறு அணை அமைந்துள்ள கள்ளிக்காட்டில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் இங்கிருந்து இறங்கும் தண்ணீர் நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று பூவாறில் கடலோடு கலக்கிறது. அந்தக் கடலில் ஒரு துண்டை எடுத்து வந்து வீட்டுக் கூடத்தில் வைக்க முடியுமா? பணமும் பொறுமையும் இருந்தால் முடியும். பவளப் பாறையும் வண்ணமீன்களுமாக ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்துக்கொள்வது உலகெங்கும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகி, நம் நாட்டுப் பெரிய வீடுகளுக்கும் வந்துவிட்டது.

மாத வருமானத்தை எண்ணிச் செலவிடும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இத்தகைய தொட்டிக்குக் கண்ணாடி ஒட்டுவது, குழாய் பதிப்பது, மின்சார இணைப்புத் தருவது எல்லாம் கைத்தொழில் தெரிந்தவர் செய்யும் காரியம். அப்படிப் போகிற தமிழ்த் தொழிலாளியிடம் வீட்டுக்காரர், "ராமேசுவரம் பக்கம்தானே ஊர்? வரும்போது இரண்டு பவளக்கல் கொண்டு வா" என்று சொல்லிவிடக்கூடும். அந்த ஒரு வார்த்தையில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய கதை

நம் நாட்டில் கடல்மீனைக் கண்ணாடிக்குள் காட்டியதில் முன்னோடி சென்னைதான். மெரினா கடற்கரையில் 1909-ல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. பம்பாயில் தாராபோர்வாலா மீன் காட்சியகம் 1951-ல் திறக்கப்பட்டது. நமக்கு அருகே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 'சாகரிகா' என்ற பெயரில் ஒரு காட்சியகம் அமைத்தது.

இவையெல்லாம் அரசாங்க ஏற்பாடுகள். சாதாரண வீட்டிலும் பவளத்தை உயிரோடு வைத்திருக்கலாம் என்று காட்டியவர் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-ல் அவர் எழுதிய கட்டுரை மீன் வளர்ப்போரிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பெரிய இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. கடல்நீர், சூரிய வெளிச்சம், காற்றுக் குமிழி, கடலில் கிடந்த கல் ஆகியவையே அவருடைய சாமான்கள். கல்லின் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்பதே இதில் உள்ள சூட்சுமம்.

முதலில் எடைக் கணக்கு

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதில் 16 கன அடி, அதாவது சுமார் 450 லிட்டர் கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. தண்ணீரே 460 கிலோவைத் தாண்டும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் அது மட்டும் 90 கிலோ வரும். மணல், கல், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 600 கிலோவுக்கு மேல் போகும். பத்து ஆட்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பதற்குச் சமம் இது. ஆகவே மாடியில் வைப்பதானால் கட்டட மேஸ்திரியையோ என்ஜினீயரையோ கேட்காமல் வைக்கக் கூடாது. தரை மட்டம் சரியில்லை என்றால் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விடும்.

குழாய் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பித்தளை, செம்பு சாமான்கள் இந்தத் தண்ணீரில் படவே கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் இறால், பவளம் போன்ற உயிர்கள் மடிந்துவிடும். இரும்போ உப்பில் துருப்பிடிக்கும். பி.வி.சி. குழாய்தான் ஏற்றது.

கறியுப்பு உதவாது

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடையில் கறியுப்பு வாங்கிக் கரைத்தால் போதாதா என்றால், போதாது. கறியுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல்நீரிலோ மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியவையும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்கு உள்ள கால்சியத்தைக் கொண்டுதான் பவளம் தன் கல் கூட்டைக் கட்டுகிறது. எனவே இதற்கென்று தயாரிக்கும் கலவை உப்பு வேண்டும். மேலே சொன்ன தொட்டிக்குச் சுமார் 16 கிலோ பிடிக்கும்.

கடல்நீரையே கொண்டு வரலாம். ஆனால் பூவாறு போன்ற முகத்துவாரத்தில் எடுப்பது சரியல்ல. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பு குறைந்திருக்கும். துறைமுகத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே தினமும் குறைகிற அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே போனால் சில வாரங்களில் மீன்கள் தாங்காது.

ஆறு வாரம் காத்திருங்கள்

தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடுவோரின் பணம் வீண். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது; அதுவும் நஞ்சே. மற்றொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இதனால் தீங்கு குறைவு. இந்த இருவகைக் கூட்டமும் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. அம்மோனியா உண்டாகச் சிறிது தீனி மட்டும் போட்டு, சோதனை மருந்தால் தண்ணீரைப் பார்த்து வர வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே முதல் மீன்.

சிறிய தொட்டி சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடோ கழிவோ உடனே ஏறிவிடாது. பெரிய தொட்டி சிறு தவறுகளைத் தாங்கிக்கொள்ளும்.

சூடும் மின்வெட்டும்

தொட்டியின் வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சித்திரை மாதத்தில் நம் வீட்டு அறையே 30 டிகிரியைத் தாண்டுகிறது. ஆகவே குளிர்விக்கும் இயந்திரம் தேவைப்படும். தண்ணீரை அலையவிடும் பம்ப், நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர், பலமான விளக்கு எல்லாமே மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரக் கட்டணம் மாதாமாதம் வரும் செலவு.

மின்சாரம் நின்றால் முதலில் குறைவது பிராணவாயு. நன்னீரைவிட உப்புநீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்றைக் கையோடு வைத்திருப்பது அவசியம்.

பவளத்தில் கை வைக்கலாமா?

பவளம் வெறும் கல் அல்ல. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய கூடு. அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. வெப்பம் ஓரிரு டிகிரி ஏறி அப்படியே நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். வீட்டுத் தொட்டியில் நேரும் இதே கதி மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் நேர்ந்தது.

பாறையாக வளரும் பவளங்களில் பல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. கையளவுக் கல் என்றாலும் பல வருட உழைப்பு. ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள அந்தக் கடலில் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் பவளத்தை நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியதே அதற்கு முக்கிய காரணம்.

எனவேதான் 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே பவளத்துக்கும். கடலிலிருந்து எடுப்பது, விற்பது, வாங்குவது, கொண்டு செல்வது எல்லாம் குற்றம். செத்துக் காய்ந்த பவளமும் இதில் அடங்கும். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

ரயிலில் பையோடு பிடிபடுபவர் கொண்டு வருகிறவர்தான். கொண்டு வரச் சொன்னவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். "கரையில் ஒதுங்கிக் கிடந்தது, எனக்குத் தெரியாது" என்று சொன்னால் வழக்கு நிற்காது. நூறு ரூபாய் அன்பளிப்புக்காக ஒரு தொழிலாளி தன் குடும்பத்தை நடுத்தெருவில் விடலாமா?

கோமாளி மீன் போதும்

அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? தேவையில்லை. சிமெண்டிலோ சுட்ட மண்ணிலோ துளைகளோடு செய்த கல்லை வைக்கலாம். சிமெண்ட் கல்லைப் பல வாரம் நீரில் ஊறவைத்து, காரம் போக்கிய பிறகே உள்ளே போட வேண்டும். சில மாதங்களில் அதன்மேல் பாசி படிந்து இயற்கைப் பாறை போலாகிவிடும்; பாக்டீரியாவும் குடியேறும்.

அதில் விடுவதற்குக் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஏற்றது. செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இது. விழிஞ்ஞம், மண்டபம் ஆராய்ச்சி நிலையங்களில் இவ்வகை மீன்களை முட்டையிட வைத்து வளர்த்தெடுத்திருக்கிறார்கள். கடலில் இது கடல் தாமரையின் நடுவே வாழும். தொட்டியில் அது இல்லாமலும் நன்றாக இருக்கும். எல்லாக் குஞ்சும் ஆணாகவே பிறக்கிறது. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. அது இறந்தால் அதன் ஜோடியான ஆண் பெண்ணாகிவிடும். முட்டைகளுக்கு விசிறிக் காவல் காப்பது ஆண்மீனே. ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும்.

வாங்கும்போது கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரு ஜோடி மட்டும் போதும். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, அரை மணிக்கு மேல் பழக்கிய பின் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது 45 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். இவ்வளவும் முறையாக நடந்தால் அந்த ஜோடி பத்தாண்டுக்கு மேலும் உங்களோடு இருக்கும்.