காய்கறிப் பாத்தியின் விளிம்புக்கு எந்த மரம்?

காரைக்கால் கடலோரத்தில் பல இடங்களில் மண்ணும் கிணற்று நீரும் உவர்ப்பானவை. ஆதலால் தரையைவிட ஒரு முழம் உயர்த்தி, நல்ல மண் நிரப்பிய மேடைப்பாத்தியே வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. அம்மண் சரியாதபடி அடைக்கும் பலகை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம். நோயாளிக்கெனக் கீரை வளர்க்கும் இல்லங்களில் இது மேலும் முக்கியமாகும்.

கரையானையும் பூஞ்சையையும் தடுக்கத் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த 'சிசிஏ' கரைசலை 1933இல் உருவாக்கியவர் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோண்டி காமேசன். மரம் நெடுங்காலம் உழைத்தது. ஆனால் ஆர்செனிக் சிறிது சிறிதாக அருகிலுள்ள மண்ணில் கசிகிறது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் இதன் பயன்பாடு 2003 இறுதியுடன் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இம்மரம் இளம்பச்சையாக இருக்கும். வெயிலில் அந்நிறம் மங்கிவிடுவதால் கண்ணை மட்டும் நம்பலாகாது.

பழைய ரயில் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஏற்றப்பட்டிருக்கும். வெயிலில் தார் மணம் வீசினால் அவற்றைத் தவிர்க்கவும். உடைத்த படகுப் பலகைகளும் வேண்டாம். அவற்றின் வண்ணப்பூச்சில் ஈயமோ தாமிரமோ இருக்கக்கூடும். பழைய கதவு, சன்னல் சட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. கரையானுக்காகப் பலகையில் கழிவு எஞ்சின் ஆயில் பூசுவது நம்மூர் வழக்கம். உணவுப் பாத்தியில் அது கூடாது.

மருந்தேற்றாத பனை வைரம், தேக்கு, வேம்பு ஆகியவை போதுமானவை. சவுக்கு மலிவு, ஆனால் மண்ணில் விரைவில் இற்றுவிடும். செலவைக் கருதினால் செங்கல்லே மேல்.

ஐயத்துக்குரிய மரம் ஏற்கெனவே பதித்திருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. பலகைக்கும் மண்ணுக்கும் இடையே தடித்த பாலித்தீன் விரிப்பை இடுங்கள். கீரை, முள்ளங்கி போன்றவற்றை விளிம்பிலிருந்து தள்ளி நடுங்கள்; கத்தரி, வெண்டையின் காய்களில் ஆர்செனிக் பொதுவாகக் குறைவாகவே சேரும். கழற்றிய பலகையை வெந்நீர் அடுப்பில் எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். மண்ணை வாயிலிடும் சிறு குழந்தைகளைப் பாத்தியோரம் தனியே விடாதீர்கள்.

உள்ளங்கை தடித்தல், தோலில் கரும்புள்ளிகள், கைகால் மரத்துப்போதல் நீடித்தால் மருத்துவரிடம் தோட்டத்து மரத்தைப் பற்றியும் கூறுங்கள். சிறுநீரில் ஆர்செனிக் பரிசோதனைக்கு அவர் எழுதினால், அதற்கு முன் மூன்று நான்கு நாட்கள் மீன், இறால், நண்டு உண்ணாதிருங்கள். கடலுணவில் இயல்பாகவே உள்ள, பெரும்பாலும் தீங்கற்ற ஆர்செனிக் வகை முடிவை உயர்த்திக் காட்டிவிடும்.