ஊருக்கு மட்டும் உபதேசம்: இரு குழந்தை விதியும் சட்டப்பேரவைகளும்

புதுதில்லி: மூன்றாவது குழந்தை பிறந்ததற்காக ஊராட்சி உறுப்பினர் ஒருவரின் பதவியைப் பறிக்கலாம் என்று சட்டம் இயற்றிய மாநிலங்கள் இந்தியாவில் பல உண்டு. ஆனால், அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கிய சட்டப்பேரவை உறுப்பினருக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்கும் சட்டம் எந்த மாநிலத்திலும் இல்லை. கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாநில சட்டப்பேரவைகள் இந்த விஷயத்தில் நடந்துகொண்ட விதம், மகப்பேறு உரிமை தொடர்பான சட்டங்கள் நம் நாட்டில் எப்படி நிறைவேறுகின்றன என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

1976-ல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டையும் குடும்ப நலத்தையும் பொதுப் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசைப் போலவே மாநிலங்களும் இது குறித்துச் சட்டம் இயற்ற வழி பிறந்தது. நெருக்கடி நிலை அமலில் இருந்த அதே ஆண்டில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வகை செய்யும் மசோதாவை மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. 1977 தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் அடைந்த படுதோல்விக்குக் கட்டாயக் கருத்தடையும் முக்கியக் காரணம் என்பதால், அதன் பிறகு நேரடியான கட்டாயத்தைக் கையிலெடுக்க எந்தக் கட்சியும் துணியவில்லை.

பதவி வழியே கட்டாயம்

கட்டாயம் வேறு வடிவில் திரும்பி வந்தது. 1990களின் தொடக்கத்தில், கேரள முதல்வர் கே. கருணாகரன் தலைமையில் தேசிய வளர்ச்சிக் குழு அமைத்த மக்கள்தொகைக் குழு ஒரு பரிந்துரை செய்தது. இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை எந்தப் பதவிக்கும் வரக் கூடாது என்பதே அதன் சாரம். பரிந்துரை எல்லா மட்டத்துக்கும் பொதுவானது. ஆனால், அதில் ஒரு பாதி மட்டுமே நடைமுறைக்கு வந்தது.

நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இந்த விதியைப் பொருத்துவதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா 1992 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமானது. மாநிலங்களவை கலைக்கப்படாத அவை என்பதால் மசோதா காலாவதியாகவும் இல்லை, நிறைவேறவும் இல்லை. முப்பது ஆண்டுகள் கடந்து 2023-லும் அது அந்த அவையின் நிலுவைப் பட்டியலில் இருந்தது.

ஊராட்சிகளின் விஷயத்தில் இத்தனை தயக்கம் இல்லை. 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சி உறுப்பினர்களின் தகுதிக் குறைவை வரையறுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. அதைப் பயன்படுத்தி ராஜஸ்தான், ஹரியாணா, ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் தங்கள் 1994-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டங்களிலேயே இரு குழந்தை விதியைச் சேர்த்தன. ஒடிசாவும் இதே வழியில் சென்றது. மத்தியப் பிரதேசமும் ஹிமாசலப் பிரதேசமும் 2000-ம் ஆண்டிலும், குஜராத் 2005-லும் இந்த விதியைக் கொண்டுவந்தன. மகாராஷ்டிரமும் பின்தங்கவில்லை.

இதில் கட்சி வேறுபாடு ஏதும் இல்லை. ராஜஸ்தானில் அப்போது ஆட்சியில் இருந்தது பாரதிய ஜனதா. ஹரியாணாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் காங்கிரஸ். எதிரெதிர் வரிசைகளில் அமரும் இரு கட்சிகளும் அடுத்தவர் வீட்டுக் குழந்தைகளை எண்ணுவதில் மட்டும் ஒன்றுபட்டன.

பதிவாகாத வாக்குகள்

எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று வாக்காளர் அறிய விரும்பினால், பெரும்பாலும் விடை கிடைக்காது. நம் சட்டப்பேரவைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போர் குரலையும் 'இல்லை' என்போர் குரலையும் கேட்டு, மசோதா நிறைவேறியதாகப் பேரவைத் தலைவர் அறிவிப்பார். யாரேனும் வற்புறுத்திப் பிரித்து எண்ணும் வாக்கெடுப்பைக் கோரினால்தான் பெயர்கள் பதிவாகும்.

பெயர் பதிவானாலும் அதில் உறுப்பினரின் சொந்தக் கருத்து வெளிப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். அமெரிக்க மாநிலங்களில் கருக்கலைப்பு மசோதா ஒன்றின் மீது ஒவ்வோர் உறுப்பினரும் அளித்த வாக்கை அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் எடுத்துக்காட்டிக் கேள்வி கேட்பதுண்டு. இங்கே அப்படிக் கேட்க ஆவணமே இல்லை. பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கமான விஷயத்தில் சட்டம் வந்தால்கூட, பொறுப்பு கட்சியின் பெயரில் கரைந்துபோகிறது.

உச்ச நீதிமன்றத்தின் முத்திரை

ஹரியாணா சட்டத்தை எதிர்த்த வழக்குகளில் 2003 ஜூலை 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்றது. சமத்துவம், தனிமனித சுதந்திரம், மத சுதந்திரம் ஆகியவற்றின் அடிப்படையிலான வாதங்கள் நிராகரிக்கப்பட்டன. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இல்லாத தடை ஊராட்சிக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் எழுந்தது. சீர்திருத்தத்தைப் படிப்படியாகக் கொண்டுவருவதில் தவறில்லை என்று நீதிமன்றம் கருதியது. ஆனால், அடுத்த படி இன்றுவரை எடுக்கப்படவில்லை.

சட்டம் கிராமங்களில் என்ன செய்தது என்பதை மத்தியப் பிரதேசத்தின் முன்னாள் தலைமைச் செயலர் நிர்மலா புச் தலைமையில் ஐந்து மாநிலங்களில் நடந்த ஆய்வு வெளிக்கொணர்ந்தது. பதவியைக் காப்பாற்ற மனைவியைக் கைவிட்டவர்கள், மூன்றாவது குழந்தையைத் தத்துக் கொடுத்தவர்கள், பெண் கருவைக் கலைத்தவர்கள் என அந்த ஆய்வு பட்டியலிட்ட விளைவுகள் கசப்பானவை.

2001 கணக்கெடுப்பின்படி, ஹரியாணாவில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 819 பெண் குழந்தைகளே இருந்தனர். இரண்டுக்குள் ஓர் ஆண் குழந்தை வேண்டும் என்ற நெருக்கடியைச் சட்டமே உண்டாக்கும்போது, அதன் சுமை யார் மீது விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை குழந்தை பெறுவது என்று முடிவு செய்யும் உரிமை பல வீடுகளில் பெண்ணுக்கு இல்லை. முடிவு கணவருடையது; பறிபோனதோ, இட ஒதுக்கீட்டால் முதன்முறையாக அவளுக்குக் கிடைத்த பதவி.

நாட்டின் ஊராட்சி அமைப்புகளில் இன்று சுமார் 14 லட்சம் பெண்கள் உள்ளனர். பெரும்பாலான சட்டப்பேரவைகளிலோ பெண்கள் கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிறுபான்மையாகவே இருந்துவந்துள்ளனர். பாதிக்கப்படுவோர் ஓர் அவையிலும், தீர்மானிப்போர் வேறோர் அவையிலும் இருந்தனர் என்பதே உண்மை.

மாறிய காற்று

அனுபவம் சில மாநிலங்களின் கண்ணைத் திறந்தது. மத்தியப் பிரதேசமும் ஹிமாசலப் பிரதேசமும் 2005-லும், ஹரியாணா 2006-லும் விதியை விலக்கிக்கொண்டன. ஆனால், பாடம் எல்லோருக்கும் எட்டவில்லை. உத்தரப் பிரதேச சட்ட ஆணையம் 2021-ல் வெளியிட்ட வரைவு மசோதா, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலையும் அரசு வேலையையும் மறுக்க முனைந்தது. அப்போது ஆளும் கட்சியின் சட்டப்பேரவை உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருப்பதை நாளேடுகள் சுட்டிக்காட்டின.

இந்த விதி எவ்வளவு தேவையற்றது என்பதற்குத் தமிழகமும் கேரளமும் சான்று. ஊராட்சிப் பதவிக்குத் தடை ஏதும் விதிக்காமலேயே, பெண் கல்வியாலும் சுகாதார வசதிகளாலும் இவ்விரு மாநிலங்களும் மற்றவற்றுக்கு முன்பே பிறப்பு விகிதத்தைக் குறைத்துக் காட்டின. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை தமிழகத்தில் 1.8, நாடு முழுவதும் 2.0.

ஆந்திரத்தில் அது 1.7. அங்கே காற்று முற்றிலும் திசை மாறியது. இளைஞர்கள் குறைந்து முதியோர் பெருகுவதைக் காட்டி, 2024 நவம்பரில் ஆந்திர சட்டப்பேரவை ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களுக்கான இரு குழந்தை விதியை நீக்கியது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், அதற்கு முந்தைய மாதம் முதல்வர் சந்திரபாபு நாயுடு, இரண்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உள்ளவர்களே உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடலாம் என்று சட்டம் கொண்டுவரும் யோசனையையும் வெளியிட்டிருந்தார்.

நேற்று அதிகம் பெற்றவர் தகுதியற்றவர். நாளை குறைவாகப் பெற்றவர் தகுதியற்றவர் ஆகலாம். எண் மாறினாலும் எண்ணம் மாறவில்லை. பெண்ணின் மகப்பேற்றை மாநிலத்தின் கணக்குக்கு ஏற்ப ஏற்றவும் இறக்கவும் சட்டப்பேரவைக்கு உரிமை உண்டு என்ற எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை.

2023-ல் நிறைவேறிய மகளிர் இட ஒதுக்கீட்டுச் சட்டம், சட்டப்பேரவைகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு உறுதி செய்கிறது. அந்த இடங்கள் நிரம்பினால் மட்டும் போதாது. மகப்பேறு தொடர்பான மசோதாக்களிலாவது ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயருடன் பதிவாக வேண்டும். ஊராட்சி உறுப்பினருக்கு விதிக்கும் நிபந்தனையைத் தமக்கும் விதித்துக்கொள்ள வேண்டிய நிலை இருந்திருந்தால், இந்தச் சட்டங்களில் எத்தனை நிறைவேறியிருக்கும் என்பது வாக்காளர்கள் கேட்க வேண்டிய கேள்வி.