வீட்டுத் தரவுக் களஞ்சியம்

முற்காலத்தில் ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் யாவும் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கின. நிலப்பத்திரம், ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் படம் ஆகியவற்றை அதிலிட்டுப் பூட்டி, சாவியை மூத்தோர் தம் வசம் வைத்துக்கொள்வதே போதிய காவலாயிருந்தது. இக்காலத்திலோ நிழற்படங்களும், சலனப்படங்களும், ஒலிப்பதிவுகளும், மாணவர் பல்லாண்டு உழைத்துத் தேடிய ஆராய்ச்சிக் குறிப்புகளும் கண்ணுக்குப் புலனாகா எண்களாக மாறிக் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் சிதறிக்கிடக்கின்றன. கைப்பேசியொன்று கிணற்றில் விழுமாயின், ஒரு குழந்தையின் முதல் மூன்றாண்டுப் படங்களும் அதனோடு மூழ்கிவிடும். இவற்றையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து, வீட்டிலுள்ளார் யாவரும் வலைப்பின்னல் வழியே எடுத்தாளுமாறு அமைத்த யந்திரத்தை ‘நாஸ்’ என வழங்குவர். ஆயத்தமாய் விற்கப்படுவனவும் உளவேனும், பெருங்கொள்ளளவு வேண்டுவோர் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே இணைத்துக்கொள்வதும் உண்டு. அங்ஙனம் இணைப்போர் எவ்வுறுப்பை எக்காரணம்பற்றித் தெரிந்தெடுத்தல் வேண்டுமென்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கணினி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் முதற்கண் வினவுவது செயலியின் வேகத்தையே. விளையாட்டிற்கும் சித்திர வேலைக்கும் அவ்வினா தகும், சேமிப்பிற்கோ தகாது. சேமிப்பு யந்திரத்தின் கடமை, இன்று வைத்ததைப் பத்தாண்டு கழித்தும் ஓரெழுத்தும் மாறாது திருப்பித்தருதல். ஆகலின் பொருட்செலவில் முதலிடம் பெறுவன தட்டுகளும், அவற்றைக் காக்கும் மின்வழங்கியும், நினைவகமுமேயாம். செயலி இவற்றிற்குப் பின்னரே வரும்.

1. கொள்ளளவு:— நிழற்படத் தொழில் செய்வார் ஒருவரையுடைய குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். அவர்களிடம் இப்பொழுது 25 டெராபைட் தரவு உளது. ஆண்டுதோறும் 3 டெராபைட் பெருகுகிறது. ஆறாண்டிற்கு 43 டெராபைட் வேண்டும். இங்கு அளவுகோல் இரண்டென்பதை அறிதல் அவசியம். தட்டு செய்வோர் ஒரு டெராபைட் என்பதை இலட்சங்கோடி பைட்டாகக் கணிக்கின்றனர். கணினிகள் பலவோ 1024-ஆல் நான்குமுறை வகுத்துக் காட்டுகின்றன. ஆகவே 16 டெராபைட் என எழுதிய தட்டு, கணினித் திரையில் 14.55 என்றே தோன்றும். இதில் வஞ்சனை ஒன்றுமில்லை; படிகள் வேறு, நெல் ஒன்றே. அத்தகைய தட்டுகள் ஆறினை வாங்கி, இரண்டின் இடத்தைக் காப்பிற்கென ஒதுக்கினால் எஞ்சுவது 64 டெராபைட்; கணினிக் கணக்கில் 58. களஞ்சியம் நிரம்பி வழியுமாயின் எழுதும் வேகம் குன்றுமாதலின் ஐந்திலொரு பங்கை வெறிதே விடுதல் நன்று. அங்ஙனம் விட்டும் அக்குடும்பத்தின் தேவைக்கு இது போதும்.

2. தட்டுகளின் கூட்டு:— தட்டு என்பது நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் பொறி. என்றேனும் ஒருநாள் பழுதுறும். அப்பழுதைத் தாங்கும் ‘ரெய்டு’ என்னும் முறையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லிப் பகுதியைச் சார்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர் 1988-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையால் விளக்கினர். அதன் உட்கருத்து எளிது. 7, 4, 9 என்னும் மூன்று எண்களை மூன்று தட்டுகளிலும், அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20-ஐ நான்காவதிலும் எழுதிவைப்போம். 4 அழிந்துபோயின், 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்து அதனை மீட்கலாம். உண்மையில் யந்திரம் கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒற்றை இரட்டைக் கணக்கைக் கொள்ளும், நியாயம் ஒன்றே. இரண்டு தட்டுகள் ஒருங்கே அழியினும் மீளவேண்டின், வேறுவகைச் சமன்பாடொன்றும் வேண்டும். இரண்டு தெரியாக்கணியங்களுக்கு இரண்டு சமன்பாடுகள் வேண்டுமென்பது கணித மாணவர் அறிந்ததே.

ஒரு தட்டுக் காப்புப் போதாதோ எனின், பெருந்தட்டுகளுக்குப் போதாது. பழுதுற்ற தட்டை நீக்கிப் புதியதை வைத்தவுடன், எஞ்சிய ஐந்தையும் முற்றப் படித்தே அதனை நிரப்புதல் வேண்டும். விநாடிக்கு 200 மெகாபைட் வீதம் எழுதினும் 16 டெராபைட் நிரம்ப 22 மணி நேரம் செல்லும். வீட்டார் வேலையும் இடையிற் புகுமாயின் இன்னும் நீளும். அந்நேரமெல்லாம் ஒரே வயதுடைய ஏனைத் தட்டுகள் ஓயாது உழைக்கின்றன. மேலும், சாதாரணத் தட்டுகளுக்குச் செய்வோர் கூறும் வரம்பின்படி, 12.5 டெராபைட் படிப்பதற்குள் ஓரிடம் படிக்கமுடியாது போகலாம். உயர்தரத் தட்டுகளுக்கு அவ்வரம்பு 125 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் இதனினும் நன்றாக உழைப்பதுண்டாயினும், 80 டெராபைட் படிக்கவேண்டிய அந்நாளில் இரண்டாங்காப்பு இருத்தலே அறிவுடைமை.

3. தட்டின் இயல்பு:— கொள்ளளவு ஒத்த தட்டுகளெல்லாம் இயல்பில் ஒத்தன அல்ல. சிலவற்றில் தரவு வரிகள் தனித்தனியே நிற்கும். சிலவற்றில் ஓட்டுக்கூரையின் ஓடுகள்போல் ஒன்றன்மேலொன்று சிறிது படிந்திருக்கும். இடையிலுள்ள ஓட்டை மாற்ற அடுத்த வரிசையையும் பெயர்த்தெடுக்க வேண்டுமன்றோ? அவ்வாறே இவ்வகைத் தட்டில் சிறுமாற்றம் செய்யினும் அண்டை வரிகளையும் திரும்ப எழுதவேண்டும். ஆகவே மீட்டுநிரப்பும் வேலையில் இவை மிகத் தளர்ந்துவிடும். 2020-ஆம் ஆண்டில், சேமிப்பு யந்திரத்திற்கென்றே விற்கப்பட்ட சில தட்டுகள் இவ்வகையின என்பது வாங்கினோர் சோதித்த பின்னரே வெளிப்பட்டது. தனிவரித் தட்டிற்கு ‘ஸி.எம்.ஆர்.’ என்றும் படிவரித் தட்டிற்கு ‘எஸ்.எம்.ஆர்.’ என்றும் பெயர். விவரச்சீட்டில் முன்னதைக் கண்டபின்னரே விலை பேசுக. ஒரே நாளில் ஒரே கட்டிலிருந்து ஆறையும் வாங்காது, இரண்டு கடைகளிற் பிரித்து வாங்குதல் நன்று. வந்தவுடன் ஒவ்வொன்றையும் முழுதும் எழுதிப் படித்துச் சோதித்த பின்னரே அரிய தரவை அதனிடம் ஒப்புவித்தல் வேண்டும்.

4. பலகையும் இணைப்பும்:— மதர்போர்டில் ‘சாட்டா’ வாய்கள் எத்தனை உள என்பதை எண்ணிப் பார்க்க. நான்கே இருப்பின், எட்டுத் தட்டுகளை ஏற்கும் ‘ஹெச்.பி.ஏ.’ என்னும் அட்டையைச் செருகலாம். தானே ரெய்டு நடத்தும் அட்டையினும், தட்டுகளை உள்ளவாறே மென்பொருளுக்குக் காட்டும் அட்டையே சிறந்தது; என்னை? முன்னது கெடின் அதே இனத்து அட்டையைத் தேடியலைய நேரும். பின்னது கெடினோ தட்டுகளை வேறொரு கணினியில் மாட்டித் தரவைப் பெறலாம்.

5. நினைவகம்:— தட்டிற்குச் செல்லுமுன் தரவு ‘ராம்’ வழியே செல்கிறது. அங்கே ஓரிலக்கம் பிறழுமாயின், தட்டுகள் அப்பிழையையே மெய்யெனக் காக்கும். பிழையைத் தானே கண்டு திருத்தும் சங்கேத முறையைப் பெல் ஆராய்ச்சிச்சாலையிலிருந்த ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்டார். அதன் வழிவந்த ‘இ.ஸி.ஸி.’ நினைவகம் ஒற்றைப் பிழையைத் திருத்தும். இரட்டைப் பிழையை உணர்த்தும். இதனைப் பலகையும் செயலியும் ஏற்குமா என முன்னரே அறிதல் வேண்டும். ‘இஸட்.எப்.எஸ்.’ என்னும் கோப்பு முறை, 2005-இல் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தார் மூலநிரலோடு வெளியிட்டது. எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பெண் ஒன்றை வைத்து, படிக்குந்தோறும் ஒப்பிடும். இதற்கு டெராபைட்டிற்கு ஒரு கிகாபைட் ராம் வேண்டுமென்பர் சிலர். வீட்டு உபயோகத்திற்கு அஃது இன்றியமையாததன்று. 16 முதல் 32 கிகாபைட் போதும்.

6. செயலியும் மின்செலவும்:— கோப்புகளை வழங்க நான்கு கருக்களையுடைய எளிய செயலியே அமையும். சலனப்படங்களை உருமாற்றி அனுப்ப வேண்டின் மாத்திரம் அதற்கேற்ற வரைகலைப் பகுதி உள்ளடங்கிய செயலியைத் தேடுக. இவ்யந்திரம் இராப்பகல் ஓடுவது. சராசரி 60 வாட் கொள்ளுமாயின் நாளொன்றுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 88 யூனிட். வேகமிகு செயலியின் விலையை ஒருமுறை கொடுத்தலோடு அமையாது, மின்கட்டணத்திலும் தவணைதோறும் கொடுக்கிறோம்.

7. மின்வழங்கி, பெட்டி, வெப்பம்:— தட்டு சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆறும் ஒருங்கே எழின் 144 வாட். ஏனைய உறுப்புகளையுஞ் சேர்த்து 450 வாட் தரமான மின்வழங்கி போதும். மலிவான கிளைக்கம்பிகளை நாடற்க; வார்த்தெடுத்த இணைப்புகளில் தீப்பற்றியதுண்டு. பெட்டியில் தட்டுகளின் முன்னே விசிறி இருத்தல் வேண்டும். பெரும்பாலான தட்டுகளுக்கு 60 பாகை செல்ஷியஸ் மேல்வரம்பு. 45-க்குள் வைத்தல் நலம். நம் நாட்டுச் சித்திரை வெயிலில் பரணிலும் மூடிய அலமாரியிலும் வைப்பது தகாது. ‘யு.பி.எஸ்.’ அவசியம், அதுவும், மின்சாரம் நின்றமையைக் கம்பி வழியே யந்திரத்திற்கு அறிவித்து முறைப்படி அணையச் செய்யும் வகையதாக இருக்கட்டும்.

8. வலை:— கிகாபிட் வலையில் விநாடிக்கு 110 மெகாபைட்டளவே செல்லும். ஒரு டெராபைட் நகர்த்த இரண்டரை மணி நேரமாகும். 2016-இல் வகுக்கப்பெற்ற 2.5 கிகாபிட் முறை, பல வீடுகளிற் பதித்துள்ள பழைய கம்பியிலேயே இதனை ஒரு மணியளவாகக் குறைக்கும். சாதாரண இல்லத்திற்கு இதற்குமேல் வேண்டுவதில்லை.

9. பிரதி:— இத்தனையும் அமைத்தபின் ‘இனி அச்சமில்லை’ என்று இருப்போர் ஏமாறுவர். தட்டு பழுதுறுவதை மட்டுமே ரெய்டு தாங்கும். தவறிய கட்டளை, களவு, தீ, வெள்ளம், இடி ஆகியவற்றைத் தாங்காது. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி, தவறாக இட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் மறைந்தது. பிரதி எடுத்துவந்த ஏற்பாடும் செம்மையாக நடவாமை அப்பொழுதுதான் தெரியவந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை செய்துவந்த கேலின் ஸுஸ்மன் என்னும் அம்மையாரின் இல்லக் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காத்தது. நம் முன்னோரின் ஏட்டுச்சுவடிகளும் இவ்விதமே பிழைத்தன. ஓரூரில் செல்லரித்தது மற்றோரூரில் படியெடுத்தவர் வீட்டில் எஞ்சியிருந்தது. ஆதலின் பிரதிகள் மூன்று, சாதனங்கள் இருவகை, ஒன்றேனும் வேறிடத்தில் என்பதை விதியாகக் கொள்க. ஆண்டிற்கிருமுறை அப்பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத பிரதி உண்டென்று எண்ணுதற்கில்லை.

மாணவ நண்பர்காள்! மேற்கூறிய யாவற்றையும் வாங்கப் பொருள் போதாதவர் மனந்தளர வேண்டா. பழைய கணினியொன்றில் ஒத்த இரண்டு தட்டுகளை ஒன்றற்கொன்று நகலாக அமைத்து, மூன்றாவதோர் தட்டை உறவினர் இல்லத்தில் வைத்து மாதமொருமுறை புதுப்பித்துவருவீராயின், பிரதியில்லாத ஆறு தட்டுடையாரினும் நீவிரே பாதுகாப்புடையீர். பொருள் சேருந்தோறும் தட்டுகளைப் பெருக்கலாம். இழந்த படத்தையும் எழுத்தையும் எவ்விலை கொடுத்தும் பெறலாகாது. ஆகவே முதற்காசைப் பிரதிக்குச் செலவிடுக. எஞ்சியதைக்கொண்டு களஞ்சியத்தை வளர்க்க.