சேற்றில் நடந்த மீன்

மார்ச் பள்ளி விடுமுறையில், 4 வயதாகும் அக்கா மகனைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்கு அழைத்துச் சென்றேன்.

வடக்கே வசந்தம் தொடங்கும் நேரம் அது. செப்டம்பர் முதல் இங்கு வந்து தங்கிய வலசைப் பறவைகள், முட்டையிட சைபீரியா போன்ற பகுதிகளுக்குத் திரும்பத் தயாராகும். அவை புறப்படுமுன் அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தொலைநோக்கியுடன் கிளம்பினேன்.

அவனோ பறவைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடைபாலத்தில் மண்டியிட்டு, கம்பிகளின் இடைவெளியில் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேரமாச்சு, வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அழத் தொடங்கிவிட்டான்.

"சித்தி, மீன் நடக்குது!"

குனிந்து பார்த்தேன். நீர் வடிந்த சேற்றில், முன்துடுப்புகளை ஊன்றி ஒரு சிறு மீன் நகர்ந்தது. தோல் ஈரமாக இருக்கும்வரை அதன் வழியாகவும் அது சுவாசிக்கும். உயிரியல் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால், ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

"தமிழ்ல இதுக்கு என்ன பேரு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "நடக்குற மீன்" என்று அவனே பெயர் வைத்துவிட்டான்.

அன்று நாங்கள் அரை கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டோம்.

தம்பி தங்கையருடன் நீங்களும் சென்று வாருங்கள். நீர் வடியும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். பாதையைவிட்டு இறங்காதீர்கள். எவ்வளவு தூரம் நடப்பது என்பதை மட்டும் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.