குறுந்தகடும் அதன் மைப்படியும்

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தம் கருத்தைப் பொறித்துவைத்த முன்னோர் வழிவந்த நாம், ஒளியினாற் படிக்கப்படும் தகட்டிலும் பலவற்றைப் பொறித்து வைத்திருக்கின்றோம். கல்லெழுத்தைப் படிக்கக் கண் போதும். தகட்டெழுத்தைப் படிக்கக் கருவி வேண்டும். அக்கருவியோ வீடுகளினின்றும் மறைந்து வருகின்றது. இப்பொழுது விற்கப்படும் மடிக்கணினிகளுட் பெரும்பாலானவற்றில் தகடு செருகும் வாயே இல்லை. ஆதலின், தகட்டில் உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெடுத்துக் காக்கும் வகையை நண்பர்கள் அறிதல் நலமென எண்ணி, இலக்கிய மாணவனாகிய யான் எனக்கு எட்டிய அளவில் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இத்துணிவிற்குக் காரணமும் ஒன்றுண்டு. எங்கள் ஊர் திருத்தணி. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்தினின்றும் தமிழகத்தோடு சேர்ந்த ஊர் அது. அவ்வெல்லை மாறிய காலத்தைக் கண்ட என் பாட்டியார், தமிழிலே தொடங்கித் தெலுங்கிலே முடியும் வாக்கியங்களாற் கதை சொல்வாராம். 2006-ஆம் ஆண்டில் என் சிற்றப்பா அவர் பேச்சை அரைமணி நேரம் பதிவுசெய்து, இரு குறுந்தகடுகளில் ஒரே வகையாக எழுதி, ஒன்றை எங்கள் வீட்டிலும் மற்றொன்றைச் சித்தூரிலுள்ள அத்தையிடத்தும் வைத்தார். யான் அறிவு பெறுமுன்னே பாட்டியார் மறைந்தார். அவர் குரலைக் கேட்க வேண்டுமென்று சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தகட்டை எடுத்து, இரவல் பெற்ற கருவியில் இட்டேன். கோப்பைப் படியெடுக்கத் தொடங்கியவுடன் கருவி முனகிற்று, பாதியில் நின்றது, ஒன்றும் கிட்டவில்லை. அன்றுதான் தகடென்பது யாதென்று ஆராயத் தலைப்பட்டேன்.

தகட்டின் அமைப்பு

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனத்தாரும் கூடி அமைத்த குறுந்தகடு 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சும், அதன்மேல் காப்புப் பூச்சும் உண்டு. எழுத்து, நடுவினின்றும் வெளிநோக்கிச் சுழன்று செல்லும் ஒரே வரியாக அமைந்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டதில் 1.6 கூறேயாம். ஒரு தலைமயிரின் பருமனுக்குள் ஏறக்குறைய 40 சுற்றுக்கள் அடங்கும். அவ்வரியை நீட்டிப் பிடிப்பின் 5 கிலோமீட்டருக்கு மேற்படும்.

அவ்வரியில் நுண்ணிய குழிகளும் அவற்றிடையே சமனிடங்களும் உள்ளன. லேசர் ஒளி சமனிடத்திற் பட்டால் நன்கு திரும்பும். குழியிற் பட்டால் மங்கும். குழியை 1 என்றும் சமனிடத்தை 0 என்றும் பலர் கருதுவர். அஃது அன்று. குழியினின்று சமனிடத்திற்கும், சமனிடத்தினின்று குழிக்கும் மாறுகின்ற விளிம்பே 1. மாற்றமின்றிச் செல்லும் தொலைவெல்லாம் 0. வீட்டில் எழுதப்படும் தகட்டிலோ மெய்யான குழி இல்லை. அதிலுள்ள சாயப் படலத்தை லேசர் சுட்டுக் கறுக்கச் செய்ய, அக்கறையே குழியின் வேலையைச் செய்கின்றது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுக்கும். இன்னொன்றும் அறிக: நாம் பளபளப்பான அடிப்புறத்தையே பெரிதும் பேணுகின்றோம், ஆயின் உலோகப் பூச்சு பெயரெழுதும் மேற்புறத்தை ஒட்டியே உள்ளது. அப்புறத்திற் கூரிய எழுதுகோலாற் கீறுதலே பெருங்கேடு. எங்கள் தகட்டில் யாரோ பாட்டியார் பெயரை அழுத்தி எழுதியிருந்தனர்!

பிழை தீர்க்கும் கணக்கு

தூசும் கீறலும் படாத தகடு உலகில் இல்லை. அங்ஙனமாயினும் அது பிழையின்றிப் பாடுவது எவ்வாறு? ஈண்டு நம் யாப்பு எனக்குத் துணை செய்தது. எங்களூரைப் பற்றிக் கச்சியப்ப முனிவர் பாடிய திருத்தணிகைப் பதிற்றுப்பத்தந்தாதியை எண்ணுக. ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாக வருதலின், ஏடு முறைமாறின் உடனே தெரியும். எதுகை தவறின் ஏடெழுதினோன் பிழை தோன்றும். பொருளுக்கு வேண்டியதினும் மிகுதியாக அமைந்த இவ்வொழுங்குகளே பிழையைக் காட்டிக் கொடுக்கும் சான்றுகள்.

தகட்டிலும் அத்தகைய மிகை எண்கள் சேர்க்கப்படுகின்றன. 1960-ஆம் ஆண்டில் ரீடு, சாலமன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் வகுத்த முறையால், அவ்வெண்கள் பிழையைக் காட்டுவதோடு திருத்தவும் செய்யும். அன்றியும், அடுத்தடுத்த எழுத்துக்கள் ஓரிடத்தே வையாமல் தொலைவிற் பரப்பி வைக்கப்படும். நூறு செய்யுட்களின் எழுத்துக்களைக் கலைத்து நூறு ஓலைகளிற் பரப்பி எழுதியதாகக் கொள்க. கறையான் ஓர் ஓலையை முழுதும் தின்றாலும், ஒவ்வொரு செய்யுளிலும் ஒரு சிறு கூறே குறையும். அதனை யாப்பின் துணையால் மீட்கலாம். இவ்வுபாயத்தால் வரியின்மீது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் சிதைந்தாலும் செய்தி முழுமையாய் மீளும். அவ்வெல்லை கடந்தாலோ கணக்கும் கைவிடும்.

படிமக் கோப்பு

80 நிமிடத் தகட்டில் எழுத்துவரி 3,60,000 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. கணினித் தகடாயின் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட்டுக்கள் நமக்குரியவை. எஞ்சியவை அடையாளத்திற்கும் பிழைதிருத்தத்திற்கும் உரியவை. 1988-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் பொதுவிதி ஏற்பட்டது. அதன்படி முதல் 16 பகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை அடுத்துத் தகட்டின் பாயிரமும், எந்தக் கோப்பு எத்தனையாம் பகுதியில் தொடங்குகின்றதென்னும் அட்டவணையும் வரும்.

முதற்பகுதி தொடங்கி இறுதிப்பகுதி வரை, வெற்றிடமும் விடாமல், வரிசை மாறாமல் ஒரே கோப்பாகப் பெயர்த்தெழுதுவதே வட்டுப்படிமக் கோப்பு. ஐ.எஸ்.ஓ. கோப்பு என வழங்குவதும் இதுவே. சாதாரணமாகக் கோப்புக்களைப் படியெடுத்தலுக்கும் இதற்கும் வேற்றுமை யாதெனின், கல்வெட்டைக் கையால் எழுதிக்கொள்ளுதலுக்கும் மைப்படி எடுத்தலுக்கும் உள்ள வேற்றுமையே என்பேன். எங்களூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவ மன்னன் அபராசிதன் காலத்துக் கல்வெட்டொன்றும், அவனே பாடியதென்று கருதப்படும் வெண்பாவும் உள்ளன. அதனைப் பார்த்து எழுதுவோன் சொற்களை மட்டும் கொண்டுவருவான். நனைத்த தாளைக் கல்மீது பரப்பித் தூரிகையால் தட்டி மை ஒற்றுவோனோ எழுத்தின் வடிவையும், வரியின் முறையையும், சிதைந்த இடத்தையும் ஒருசேரக் கொண்டுவருவான். ஆயினும் உவமைக்கு ஓர் எல்லையுண்டு. ஐ.எஸ்.ஓ. படிமம் குழிகளைப் படமெடுப்பதன்று. குழிகள் குறிக்கும் எண்களையே வரிசையாகத் தருவது. இசைத்தகட்டிற்கு இவ்வகை பொருந்தாது; அதற்கு வேறு வகைப் படிமம் உண்டு.

கணினி இப்படிமத்தை மெய்யான தகடு போலவே கொண்டு திறக்கும். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் ஆக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஐ.எஸ்.ஓ. கோப்பாகவே வழங்கப்பெறுகின்றது. கணினியை எழுப்பும் கூறும் அதன் உரிய இடத்தில் நிற்கவேண்டுமாதலின், கோப்புக்களைத் தனித்தனியே எடுத்துவைத்தல் அதற்குப் போதாது. தகடு வழக்கொழிந்த பின்னும் அதே படிமம் விரலளவு நினைவுக்கோலில் ஏறி வேலை செய்கின்றது. உடல் மாறினும் உள்ளுறை மாறாமை காண்க.

இரு ஏடுகளை ஒப்புநோக்கல்

நிற்க. பழுதுற்ற தகட்டிற்கென்றே டி.டி. ரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் ஒன்றுண்டு. அது முதலில் எளிதிற் படிக்கத்தக்க பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, படியாதவற்றை ஒரு குறிப்பேட்டிற் பதிந்துவைக்கும். பின்னர் அவ்விடங்களுக்கே மீண்டு மீண்டும் முயலும். எங்கள் தகட்டை ஓர் இரவு முழுதும் அவ்வாறு படிக்கவிட்டேன். பலவிடங்கள் விடுபட்டன. பின்னர்ச் சித்தூர் சென்று அத்தையின் தகட்டை வாங்கி வந்தேன். அதுவும் பழுதுற்றதே, ஆனால் பழுது வேறிடத்தில் இருந்தது. முன்னைக் குறிப்பேட்டைக் காட்டி அதனைப் படிப்பித்தபோது, ஒன்றில் இல்லாத பகுதிகளை மற்றொன்று நிரப்பிற்று. ஓர் ஏட்டிற் சிதைந்ததை வேறோர் ஏட்டிற் கண்டு நிறைவுசெய்த நம் பதிப்பாசிரியரின் உழைப்பு அப்பொழுது எனக்கு நன்கு விளங்கிற்று. அவர்கள் கூட்டியதைக் கணினி ஓரிரவிற் கூட்டியது, முறை ஒன்றே.

இரண்டிலும் ஒருங்கே அழிந்த இடம் ஒன்று மட்டும் எஞ்சியது. பேச்சின் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 86 பகுதிகள் வேண்டும். ஒரு நொடியளவே போயிற்று. எல்லை மாறிய நாளைப் பற்றிச் சொல்லும்போது பாட்டியார் குரல் சட்டென்று அறுந்து, மௌனமாகிப் பின் தொடர்கின்றது. அவ்விடத்தே அவர் சொன்னது தமிழ்ச்சொல்லோ தெலுங்குச்சொல்லோ, அறியேன். கல்வெட்டறிஞர் அழிந்த எழுத்திற்குப் புள்ளியிட்டு விடுவதுபோல, அம்மௌனத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

1977-ஆம் ஆண்டில் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் அபராசிதன், முதற் பராந்தகன் ஆகியோரின் செப்பேடுகள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. ஆயிரம் ஆண்டு புதைந்தும் அவை கண்ணுக்குப் புலனாயின. நம் தகடுகள் அத்துணைக் காலம் காத்திரா. ஆதலின் நண்பர்காள், உங்கள் வீட்டு அலமாரியில் உறங்கும் தகடுகளை இவ்விடுமுறையிலேயே எடுத்துப் படிமம் செய்ம்மின். அதனை இரண்டிடங்களில் வைம்மின். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுமின். இரண்டாம் பிரதி சித்தூரில் இராதிருப்பின், என் பாட்டியாரின் குரலை யான் கேட்டிரேன்.