உலகைச் சுற்றிய தமிழாசான்

1940ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தின் உயர்நிலைப் பள்ளிக்கு இளந்துறவி ஒருவர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். உரோமை நகரில் இறையியல் பயின்று திரும்பியவர். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளில் தேர்ச்சி மிக்கவர். தமிழ் அவருக்குத் தாய்மொழியே. ஆயினும், பள்ளிக் கல்வி ஆங்கில வழியில் அமைந்தமையால் இலக்கியத் தமிழ் அவருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. கற்பிக்க வந்த அவர், அங்கிருந்த தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் கற்கத் தொடங்கினார். அவரே தனிநாயகம் அடிகள்.

யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தவர் அடிகளார். சேவியர் என்பது அவரது திருமுழுக்குப் பெயர். தனிநாயகம் என்னும் பெயரைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார். வடக்கன்குளத்தில் பிறந்த தமிழ்ப் பற்று அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு இட்டுச் சென்றது. முப்பது வயதைக் கடந்தபின் அங்கு முதுகலை மாணவராகச் சேர்ந்தார். பிறர் பதவி உயர்வை எண்ணும் பருவத்தில் அவர் பாடநூலைக் கையில் எடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை அவர் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். குறிஞ்சி முதலாகப் பாலை ஈறாக நிலத்தையும் மனத்தையும் ஒன்றாகக் கண்ட பழந்தமிழ்ப் புலவரின் நோக்கைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டார். அவ்வாய்வு 1952இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பல நாட்டு மலைகளையும் கடல்களையும் நேரில் கண்டவர் எழுதிய ஒப்பீடு ஆதலின், ஏட்டறிவு மட்டும் உடையோரின் எழுத்தில் காணாத தெளிவு அதில் உண்டு.

பயணம் அவருக்கு வேட்கை. அதே வேளையில் பணியும் ஆகும். இந்தியப் பண்பாடு என்றால் வடமொழி ஒன்றே என உலக அறிஞர் பலர் கருதிய காலம் அது. தமிழில் எழுதித் தமிழரிடம் முழங்குவதால் அக்கருத்து மாறாது என்பதை அடிகளார் உணர்ந்தார். சப்பானிலும் அமெரிக்க நாடுகளிலும் ஐரோப்பாவிலும் தென்கிழக்காசியாவிலும் சென்று தமிழைப் பற்றி உரையாற்றினார். 1952இல் ‘தமிழ்க் கலாசாரம்’ எனப் பொருள்படும் பெயரில் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கி, அயல்நாட்டு அறிஞரையும் அதில் எழுதச் செய்தார்.

புதிய நகரை அடைந்தால் பிறர் கடைத்தெருவைத் தேடுவர்; அடிகளாரோ நூலகத்தைத் தேடினார். அத்தேடல் வீண்போகவில்லை. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டு 1554இல் லிஸ்பனில் வெளியிடப்பட்ட சிறு சமய நூலைப் பற்றி அவர் எழுதியபின்னரே, தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தைத் தமிழறிஞர் பலர் அறிந்தனர். அந்தாவோ தெ புரோயென்சா என்னும் போர்த்துகீசியத் துறவி தொகுத்து 1679இல் அச்சான தமிழ் – போர்த்துகீசிய அகராதியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனை அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் உருநேர்ப் பதிப்பாக வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழின் சொற்களை இன்று நாம் ஆராய முடிவதற்கு அப்பதிப்பு பெருந்துணை. தாய்லாந்து அரசவைச் சடங்கில் திருவெம்பாவையின் சுவடு நிலைத்திருப்பதைப் பற்றியும் அவர் எழுதினார். பயணக் குறிப்புகளை ‘ஒன்றே உலகம்’ என்னும் தமிழ் நூலில் தொகுத்தளித்தார். கண்ட நாடுகளைப் புகழ்வதோடு நில்லாமல், அங்கு வாழும் தமிழரின் மொழிநிலை யாது என வினவும் ஆசிரியரின் குரல் அந்நூலில் கேட்கும்.

இத்தனை பயணங்களுக்கிடையிலும் வகுப்பறையை அவர் கைவிடவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றினார். இடையே இலண்டனில் முனைவர் பட்டமும் பெற்றார். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது. அடிகளார் தமிழரின் மொழியுரிமைக்காக வாதாடி எழுதினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைமையை ஏற்று நாட்டை நீங்கினார். தாயகத்தில் தம் மொழி ஒதுக்கப்பட்ட காலத்தில்தான் அம்மொழிக்கு உலக அவை ஒன்றை அவர் அமைத்தார் என்பதை மாணவர் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழைநாட்டியல் அறிஞரின் உலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களை வ. அய். சுப்பிரமணியத்தோடு இணைந்து ஒரு கூட்டத்திற்கு அழைத்தார் அடிகளார். அக்கூட்டத்தில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா அதன் தலைவரானார். அயல்நாட்டவர் ஒருவரைத் தலைமையில் அமர்த்தியதில் அடிகளாரின் நுண்ணறிவு புலப்படும். தமிழாய்வு தமிழரின் தற்பெருமை என எவரும் ஒதுக்க இயலாது போயிற்று. முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிசிலும் நடைபெற்றன. சென்னையில் ஊர்வலமும் மக்கள் வெள்ளமுமாக மாநாடு பெருவிழா ஆயிற்று. எனினும், ஆய்வரங்கையே அதன் உயிராக அடிகளார் கருதினார். இன்று மாநாட்டை அறிந்த பலர் அதன் மூலவரை அறியாமல் இருப்பது வருந்தத்தக்கது.

1974 சனவரியில் நான்காம் மாநாடு யாழ்ப்பாணத்தில் கூடியது. அடிகளார் பிறந்த மண்ணில் நடந்த அம்மாநாட்டின் இறுதி நாளில் காவல்துறையின் தலையீட்டால் குழப்பம் நேர்ந்து, திரண்டிருந்த மக்களுள் சிலர் உயிரிழந்தனர். பணி ஓய்வுக்குப்பின் இலங்கைக்கே திரும்பியிருந்த அடிகளார், 1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அடுத்த நான்கு திங்களில், 1981 சனவரியில், ஐந்தாம் மாநாடு மதுரையில் கூடியபோது அவர் இல்லை.