அப்பா என்று அழைக்கும் உரிமை

பிள்ளைகளுக்குச் சமய அறிவு புகட்டுவது பெற்றோரின் கடமை என்று எல்லாச் சமயத்தாரும் சொல்வர். பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து கற்கவேண்டிய சமய உண்மையும் ஒன்று உண்டு என்பது கிறிஸ்தவ சமயத்தின் துணிபு. விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் வினவியபோது, இயேசுநாதர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரம் கூறுகின்றது. அறிஞரையும் செல்வரையும் விடுத்து அவர் பிள்ளையை நிறுத்தியது ஏன்? அப்பிள்ளையிடம் வளர்ந்தவர் கற்கவேண்டியது யாது? நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள் இதுவே.

கள்ளமின்மை என்று சிலர் விடை கூறுவர். தம்பியின் பங்கு இனிப்பையும் எடுத்து வாயிலிட்டுக்கொண்டு, கையை விரித்துக் காட்டும் பிள்ளையை வளர்க்கும் தாய் இவ்விடையை முழுவதும் ஏற்கமாட்டாள். பணிவு என்று வேறு சிலர் கூறுவர். இவ்விடை நம் மலைநாட்டில் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. அதற்குக் காரணம் உண்டு.

தோட்டத்திற்கு வந்த வேதம்

தேயிலை வருமுன், கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்திலேயே, கிறிஸ்தவம் இம்மலைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரைத் தேடி வந்தது. 1854ஆம் ஆண்டில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் பெயரோடு ஒரு திருப்பணி தொடங்கிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் சென்று போதித்தனர். பிற்காலத்தில் அப்பெயரிலிருந்து ‘கூலி’ என்னும் சொல் நீங்கியது. கத்தோலிக்கக் குருமாரும் மெதடிஸ்தச் சபையாரும் கோயில்களையும் பள்ளிகளையும் நிறுவினர். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி 1892இல் மெதடிஸ்தச் சபையாரால் தொடங்கப்பெற்றது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லீ தேவாலயமோ ஆங்கிலத் தோட்டத்துரைமார் வழிபட்ட கோயில்.

துரை ஓதியதும் தொழிலாளி ஓதியதும் ஒரே வேதந்தான். எனினும், பிள்ளையைப் போல இருத்தல் என்பது இருவர் செவியிலும் ஒரே பொருளைத் தந்திருக்க முடியாது. தொழிலாளர் என்றும் வளராத பிள்ளைகள், அவர்களை அடக்கி ஆளவேண்டியவர் துரை என்னும் எண்ணம் அக்காலத் தோட்ட வாழ்வில் ஊறியிருந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது. எதைப் பெறுவதற்கும் தலைகுனிந்து மனுச் செய்யவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட மக்களிடம், “பிள்ளையைப் போலப் பணிந்திரு” என்று மட்டும் சொல்வது புதிய செய்தியாகுமா? அது பழைய விலங்குக்குப் பூச்சூட்டுவதே ஆகும்.

ஒரு சொல்லின் பொருள்

பவுல் அடிகள் ரோமாபுரிச் சபையாருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் இரண்டு மனநிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று அடிமையின் அச்சம்; மற்றொன்று பிள்ளையின் உரிமை. இரண்டாவதைப் பெற்றவர் இறைவனை அழைக்கும் சொல் ‘அப்பா’ என்பதாம். இஃது இயேசுநாதர் பேசிய அரமேய மொழிச் சொல். மாற்கு சுவிசேஷத்தையும் பவுலின் நிருபங்களையும் கிரேக்கத்தில் எழுதியோர் இதன் பொருளை அருகே எழுதினரேயன்றி, மூலச் சொல்லை நீக்கத் துணியவில்லை. தமிழ் வேதாகமத்திலும் அது நிற்கின்றது. தமிழுக்கும் அரமேயத்திற்கும் உறவில்லை, ஒலியொற்றுமை தற்செயலே. ஆயினும், எத்தனையோ மொழியினர் விளக்கவுரை கொண்டு அறியும் சொல்லைத் தமிழ்க் குழந்தை தன் மழலையிலேயே கூறிவிடுகின்றது.

ஜெர்மானிய வேத அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் இச்சொல்லின் நெருக்கத்தைப் பெரிதும் வலியுறுத்தினார். அதைக் கேட்ட பலர், இது குழந்தைகள் மட்டுமே சொல்லும் கொஞ்சு மொழி என்று எண்ணலாயினர். ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1988இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்து, வளர்ந்த மக்களும் தந்தையை அவ்வாறே அழைத்தனர் என்று காட்டினார். தமிழருக்கு இதில் வியப்பில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் அப்பா என்கின்றது. ஐம்பது வயது மகனும் அப்பா என்றே அழைக்கிறான். வயது ஏறினாலும் அவ்வுரிமை தேய்வதில்லை.

எடை போடாத அன்பு

தோட்டத்தில் மனிதனை அளக்கும் கருவி தராசு. நாளொன்றுக்கு நியமித்த நிறை கொழுந்து எடுக்காதவருக்குப் பாதிச் சம்பளமே உண்டு. தோட்டத்துப் பேச்சில் இதனை ‘அரைப்பேர்’ என்பர். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மலையேறி இறங்கிய பெண் மாலையில் அரைப்பேரோடு வீடு திரும்புகிறாள். அவளைக் கண்டவுடன் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கின்றது. அன்று எத்தனை கிலோ எடுத்தாள் என்று அது கேட்பதில்லை. அவளும் அப்பிள்ளையை எடை பார்த்து நேசிப்பதில்லை. பிறந்த நாளில் அது யாதொரு வேலையும் செய்து காட்டாமலே அவள் நெஞ்சில் முழு இடத்தையும் பெற்றுவிட்டது.

கிறிஸ்தவர் ‘கிருபை’ என்று சொல்வது இதுவே. தகுதியை அளக்குமுன் வந்து சேரும் அன்பு அது. கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்தச் சபைகள் கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதற்கு இக்கருத்தும் ஒரு காரணம். அறிந்து ஏற்கும் வயது வரட்டும் என்று காத்திருக்கும் சபைகளும் மலைநாட்டில் உண்டு. அவையும் குழந்தையைக் கோயிலுக்குக் கொணர்ந்து இறைவனிடம் ஒப்படைத்து வேண்டுகின்றன. முறை வேறுபடினும், குழந்தையைத் தராசில் நிறுத்துவார் எவருமிலர்.

பிள்ளை மடுவத்தில்

தாய்மார் வேலைக்குச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தைத் தோட்டத்தார் பிள்ளை மடுவம் என்பர். இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் பெற்றுள்ளது. முதல் நாட்களில் பிள்ளை வீறிட்டு அழும். “மாலையில் வருவேன்” என்று தாய் ஆயிரம் முறை சொன்னாலும் அதற்கு விளங்குவதில்லை. சில வாரங்கள் சென்றபின், அழுகை அடங்கி, அது விளையாடத் தொடங்குகின்றது. வாதத்தால் வந்த மாற்றமன்று இது. ஒவ்வொரு மாலையும் அவள் சொன்னபடி திரும்பி வந்தாள். அவ்வரவே பிள்ளையின் உள்ளத்தில் நம்பிக்கையாக உறைந்தது.

விசுவாசம் என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்க்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. காணாதபோதும் அவள் வருவாள் என்று அமைதியாக விளையாடுதலே விசுவாசம். இத்தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வீட்டு வேலைக்குச் சென்று, தொலைபேசிக் குரலாக மட்டும் தம் பிள்ளைகளுடன் வாழும் தாய்மாரும் உளர். சொன்ன வேளையில் அக்குரல் வருவது அப்பிள்ளைக்கு எத்துணை முக்கியம் என்பதை வளர்க்கும் பாட்டிமார் அறிவர்.

கதவைத் தட்டும் துணிவு

லூக்கா சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கதை உண்டு. நள்ளிரவில் ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்கிறான். பிள்ளைகள் தன்னோடு படுத்திருப்பதால் எழுந்து தர இயலாது என்கிறான் உள்ளிருப்பவன். ஒருவன் எழுந்தால் வீடே விழித்துக்கொள்ளும் அந்த இடநெருக்கம், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழ்ந்தவர்க்கு உரையின்றியே விளங்கும். தட்டியவன் விடுவதாயில்லை, இறுதியில் பெற்றுச் செல்கிறான். உடனே இயேசுநாதர் தந்தையரின் அனுபவத்தையே சான்றாக்கி, மீன் கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தந்தை பாம்பைக் கொடுப்பான் என்று வினவுகிறார்.

பிள்ளையிடம் கற்கவேண்டிய பாடம் இங்கேதான் இருக்கின்றது. பிள்ளை தயங்காமல் கேட்கின்றது. அலுவலகத்து வாசலில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்ல வந்ததை மூன்று முறை மனத்துள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நிற்கும் தந்தையின் மடியில், வீடு திரும்பியதும் அவன் பிள்ளை அனுமதி கேளாது ஏறி அமர்ந்துகொள்கின்றது. மறுத்தால் அழுகின்றது, மறுநாளும் கேட்கின்றது. அது மரியாதையின்மையன்று, உறவின் உறுதி. இறைவன் முன்னிலையில் தாம் வாசலில் நிற்பவரா, மடியில் அமர்பவரா என்பதை அத்தந்தை அப்பிள்ளையைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

கேட்டது கிடைக்காதபோது

ஆயினும், கேட்டதெல்லாம் பிள்ளைக்குக் கிடைக்கின்றதா? புதிய சப்பாத்துக் கேட்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் என்று பதில் சொல்லும் தாயின் நெஞ்சு பதைப்பதை யார் அறிவார்? அவளிடம் அன்பு இருக்கின்றது, காசு இல்லை. எல்லாம் வல்லவன் எனப்படும் இறைவன் மறுப்பதற்கு அக்காரணத்தைச் சொல்ல முடியாது. இவ்வினாவைக் கிறிஸ்தவ சமயம் முற்றும் அவிழ்த்துவிட்டதாகக் கூறிக்கொள்வதுமில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அப்பா என்னும் அச்சொல் மாற்கு சுவிசேஷத்தில் ஒரே ஓரிடத்தில்தான் வருகின்றது. மரணத்திற்கு முந்திய இரவில், துன்பம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று இயேசுநாதர் மன்றாடிய இடம் அது. துன்பம் நீங்கவில்லை; அழைத்த உறவும் அறவில்லை. மறுக்கப்பட்ட பின்னும் தாயின் மடியிலேயே அழுது உறங்கும் பிள்ளை, அவ்விரவின் பொருளை ஓரளவு நமக்கு உணர்த்துகின்றது.

சைவர் அறிந்த வழி

சைவ மரபில் வந்த நமக்கு இவையெல்லாம் அந்நியமாகத் தோன்றவில்லை. நம் முன்னோர் நால்வர் வழிகளை வகுத்தபோது, அப்பரைத் தாச மார்க்கத்திற்கும், சீகாழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்ட சம்பந்தரைச் சற்புத்திர மார்க்கத்திற்கும் உரியவராக்கினர். பிள்ளையாக நின்று இறைவனை அடையும் நெறி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இறைவனுக்கு அடிமை பூண்ட அப்பரும் பல்லவ வேந்தனுக்கு அஞ்சினாரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் நம் பழைய பிரபந்த வகையில் அருள் செல்லத்துரை இயேசுபிரான் மீது ஒரு நூல் இயற்றி 1985இல் வெளியிட்டார். தெய்வத்தைப் பிள்ளையாக்கித் தாலாட்டவும், தாம் பிள்ளையாகித் தெய்வத்தை அழைக்கவும் தமிழ் இரு சமயத்தார்க்கும் இடம் தந்திருக்கின்றது.

வீட்டில் செய்யத்தக்கது

எனவே, எச்சமயப் பெற்றோராயினும் கவனிக்கத்தக்க சில உண்டு. பிள்ளை பொய் சொன்னால் “சாமி கண்ணைக் குத்தும்” என்று மிரட்டுகிறோம். சத்தம் போட்டால் “துரை வருகிறார்” என்கிறோம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சாமியும் ஒரு பெரிய துரையாகவே தோன்றும். பூரண அன்பு உள்ள இடத்தில் அச்சத்திற்கு வேலையில்லை என்பது யோவானின் முதல் நிருபம் கற்பிக்கும் கருத்து. தண்டிக்கவேண்டிய இடத்தில் பெற்றோர் தாமே நின்று கண்டிக்கட்டும். அந்த வேலைக்குக் கடவுளை அழைக்கவேண்டா.

பிள்ளை கேள்வி கேட்கும்போது வாயை அடைக்காதிருப்போம். கொடுக்க இயலாததை, இயலாது என்று அன்போடு சொல்வோம். வருவேன் என்று சொன்ன வேளையில் வந்து நிற்போம். வீட்டில் அஞ்சாமல் கேட்கக் கற்ற பிள்ளை நாளை பள்ளியில் ஆசிரியரிடம் ஐயம் கேட்கும். அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று தன் உரிமையைக் கேட்கும். அவ்வாறு கேட்கும் மகனையும் மகளையும் காணும் பெற்றோர், தாமும் பிறர் காலடியில் கிடக்கப் பிறந்தவரல்லர், ஒரு தந்தையின் மக்களே என்பதை உணர்வர். சீடர் நடுவே நிறுத்தப்பட்ட அச்சிறு பிள்ளை வளர்ந்தவர்க்குக் கற்பிப்பது இதுவே என்பது எமது கருத்து.